பதினோரு கிலோ

மலையேறும் பை நாளுக்கு நாள் இளைக்க வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலம் தீரும், அடுப்பு கேஸ் தீரும், பாட்டில் தண்ணீர் தீரும். அவளுடைய பையோ நான்காம் நாள், கடைசி இறக்கத்தில், முதல் நாளைவிடக் கனத்தது.

களைப்பு என்று தள்ளிவிட அவளால் முடியவில்லை. பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் பன்னிரண்டு வருடம் மூட்டை தூக்கியவள். தராசு காட்டுவதற்கு முன்பே கை எடையைச் சொல்லிவிடும். ஆபீசில் அவளுக்குப் பெயரே தராசம்மா. கிளம்பும்போது பை பதினோரு கிலோ. இன்றைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் தோளை அழுத்துவது முப்பதுக்குக் குறையாது.

"ஏங்க, நிஜமாவே கனக்குதுங்க."

முன்னால் போய்க்கொண்டிருந்த கணவர் திரும்பவில்லை. "குதிகால முதல்ல வை. முட்டிய லேசா மடக்கு. வாயால மூச்சு விடாத."

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, அடுத்தவரை ஓட்டச் சொல்பவர். பதினைந்து வருடக் குடித்தனமும் அப்படித்தான் ஓடியது. அவளுக்குத் தலைவலி என்றால் தண்ணீர் குடிக்கவில்லை என்பார். கால் வலி என்றால் செருப்பு சரியில்லை என்பார். வலிக்கிறது என்பதை மட்டும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தன் சாமானை அவள் பையில் தள்ளிவிடுகிறாரோ என்று அவர்மேல் சந்தேகமும் இருந்தது. நேற்று மத்தியானம் மேல் கணவாயில், நீட்டிய கை தெரியாத மூடுபனியில், பின்னால் அவர் மூச்சு வாங்கியபடி வந்து நிற்பது கேட்டது. "என்ன, இன்னும் பாக்கி இருக்கா? வைங்க, எல்லாத்தையும் நானே சுமக்கிறேன்" என்று எரிச்சலோடு சொல்லி, திரும்பிப் பார்க்காமலே முதுகைக் காட்டினாள். எதையோ வைத்தது மட்டும் தெரிந்தது. பட்டைகள் ஒருமுறை தோளில் அழுந்தின. அடுப்பாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

இன்று காலை பையைக் கொட்டிப் பார்த்தாள். டென்ட் துணி, கம்பளி, ஈர சாக்ஸ், பிஸ்கட் உறைகள். அடுப்பு இல்லை. ராத்திரியே நைசாக எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் எடுத்த பிறகும் கனம் குறையவில்லையே, அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

அடிவாரச் சாவடியில் ஒரு தராசு உண்டு. மலையில் குப்பை போடாமல் இருக்க, போகும்போதும் வரும்போதும் பையை நிறுத்து எழுதுவார்கள்.

"கீழ போனதும் தராசுல மாட்டுவோம். பதினொண்ணுக்கு மேல இருந்தா, இனிமே நான் சொல்றத நீங்க நம்பணும்."

"மேல இருந்தா வீடு வரைக்கும் உன்னையும் சேத்து நானே தூக்கிட்டு வரேன்" என்று அவர் சிரித்தார்.

மத்தியானத்துக்கு மேல் மரங்களுக்கு நடுவே பாதை குறுகியது. இலைகளிலிருந்து நீர் சொட்டுவதும், அவருடைய கைத்தடி கல்லில் தட்டுவதும், பட்டை உராய்வதும் ஒன்றோடொன்று கலந்து கேட்க, இவற்றுக்கெல்லாம் அடியில், நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல ஓர் ஈர வாடை அவள் கூடவே வந்தது. சேற்றில் அவருடைய தடம் லேசாகப் பதிந்திருந்தது. அவளுடையது கணுக்கால் ஆழம். கூப்பிட்டுக் காட்டினாள்.

"நீ அழுத்தி மிதிக்கிற. கிளட்ச் மேல ஏறி நிக்கிற மாதிரி."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

வளைவுகளில்தான் அதைக் கவனித்தாள். அவள் இடப்பக்கம் சாய்ந்தால் சுமை வலப்பக்கம் சாய்ந்து ஈடுகட்டியது. அவள் தடுமாறினால் அதுவும் இறுகியது. சாமான் அப்படிச் செய்யாது. பார்சலில் கோழிக்குஞ்சுப் பெட்டி வந்தால் மட்டும்தான் கையில் அப்படித் தெரியும்.

நின்றாள். மூச்சைப் பிடித்தாள்.

காதருகே மூச்சு நிற்கவில்லை.

ஓடினாள். முட்டி விண்விண்ணென்றது. கல். வேர். சேறு. திரும்பிப் பார்க்காதே. தகரக் கூரை. வெளிச்சம். சாவடி.

காவலர் பையை அவள் தோளிலிருந்து கழற்றித் தராசின் கொக்கியில் மாட்டினார். முள் ஆடி நின்றது.

"ஏழு எண்ணூறு, மேடம்."

"பாத்தியா?" பின்னாலேயே வந்து சேர்ந்த கணவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். "எட்டு கிலோகூட இல்ல. இதுக்கா நேத்துலேருந்து புலம்புன?"

பை கண்ணெதிரே கொக்கியில் தொங்குகிறது. தோள் இன்னும் நிமிரவில்லை.

"நேத்து கணவாயில என் முதுகுல என்ன வச்சீங்க?"

"நான் எங்க வச்சேன்?"

"பின்னாடி வந்து நின்னீங்களே. வைங்கன்னு சொன்னேனே."

"பின்னாடியா? நான் முன்னாடியே ஊத்துக்கிட்ட தண்ணி பிடிக்கப் போயிட்டேன். நீ வந்து சேர கால் மணி நேரம் ஆச்சு."

"கனம் இன்னும் இறங்கலங்க" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "பின்னால வந்து பாருங்க."

அவர் சலித்துக்கொண்டு அவள் பின்னால் போனார். குனியாதே, நேராக நில் என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். காவலரின் பேனா பதிவேட்டின் மேல் அப்படியே நின்றது. கணவரின் ஷூ தரையில் ஓரடி பின்னுக்கு நகர்ந்தது. இன்னும் ஓரடி.

"ஏங்க?"

திரும்பிப் பார்த்தாள். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் தெரிந்தது, அவள் சொன்னதை நம்பிவிட்டார் என்று. அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிலைத்திருந்தன.

அவள் குனிந்து பார்த்தாள். பட்டையில்லாத தோள்களில் சட்டைத் துணி இன்னும் அழுந்தியே கிடந்தது. இடுப்பின் இரண்டு பக்கமும் அது மெல்ல உள்வாங்கியது, உப்பு மூட்டை ஏறிய பிள்ளை விழாமலிருக்கக் கால்களால் இறுக்கிக்கொள்வதைப் போல.