கீழ்த்தளத்து லாகின்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஆளில்லாத ஆபீஸ். சர்வருக்குள் நுழையத் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்ற ஒரே பதில்தான். தப்பு என்னுடையது. லாகின் அமைப்பை மாற்றினால், புது இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும்வரை பழையதை மூடக் கூடாது. அவசரக்குடுக்கை, மூடிவிட்டேன்.

இனி கீழ்த்தளத்து சர்வர் அறையில் இருக்கும் கீபோர்டில்தான் சரிசெய்ய முடியும். என் வீட்டுக்காரருக்கும் அதே ஆபீஸ்தான்; அன்று துணைக்கு வந்திருந்தார்.

“வீட்லதான் சாவியை மறந்துட்டு வாசல்ல நிப்ப. இங்கயுமா?” என்று கிண்டலடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அது காற்றுப் புகாத அறை. போனில் சிக்னல் எடுக்காது. உள்ளே போய்விட்டால், கதவுப் பூட்டும் அந்த சர்வர் சொன்னால்தான் திறக்கும்.

வெகுநேரம் ஆகியும் அவர் வரவில்லை. ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது. ஏசியின் இரைச்சல் எப்போது நின்றது என்றே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

சட்டென்று இணைப்பு கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது. சர்வருக்குள் யார் யார் லாகினில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். என் பெயர்; கீழ்த்தளத்து கீபோர்டில் அவர் பெயர்.

படிக்கட்டில் காலடிச் சத்தம். வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஈரச் சுவரின் வாடை அடித்தது.

“முடிஞ்சுது” என்றார்.

லாக் அவுட் பண்ணாமலே வந்துவிட்டாரே என்று திட்ட வாயெடுத்தேன். அதற்குள் திரையில் ஒரு வரி வந்தது.

‘இங்கேருந்து கட்டளை போட்டும் கதவு திறக்க மாட்டேங்குது. மூச்சு முட்டுது. அங்கிருந்து திறந்து விடு.’

அவருடைய லாகினிலிருந்து.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

‘என்னை மாதிரியே ஒருத்தன் வெளிய போனான். சீக்கிரம்.’

கதவைத் திறக்கும் கட்டளையை அடிக்கத் தொடங்கினேன்.

“அந்த லாகினை வெட்டிடு” என்று பின்னால் நின்றவர் காதருகே கிசுகிசுத்தார்.

“அவர் உள்ள இருக்காரு.” திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னேன்.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. அவருடைய கைதான், அவருடைய வாட்ச்தான். நான் அடித்ததை அழித்துவிட்டு, நிதானமாக வேறொரு வரியை அடித்தது.

பட்டியலில் என் பெயர் மட்டும் மிஞ்சியது.

“வா, வீட்டுக்குப் போலாம்” என்றார்.

கீழே கதவைத் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது; அது நிற்கவேயில்லை.