மூச்சுவாயிலில் அக்னிமாறன்

புதுப் படம் வெளியாகும் வாரத்தில், நிலவில் உள்ள தென்குழிக் குடியிருப்பில் எல்லோரும் கறுப்புக் காபிதான் குடிப்பார்கள். ஆளுக்கு வாரம் இருநூறு மில்லி என்று அளந்து தரப்படும் செயற்கைத் தொட்டிப்பால் முழுவதும் நடிகர் அக்னிமாறனின் கட்-அவுட்டுக்குப் போய்விடும். நிலவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே நாற்பதடி உயரத்தில் கவிழ்க்கப்படும் பால் அவசரமில்லாமல் உருண்டு திரண்டு இறங்கும். நெற்றியில் ஊற்றியது மார்புக்கு வந்து சேர்வதற்குள் கீழே நிற்பவர்கள் இரண்டு முறை விசிலடித்து முடித்திருப்பார்கள்.

முதல் குடம் அரியநாயகத்தின் குடும்பத்துக்கு உரியது. அவருடைய தகப்பனார் தூத்துக்குடியில், ஐம்பத்தைந்தாம் வயதில், அக்னிமாறனின் முதல் படத்துக்காகச் சாரத்தின் உச்சிக்கு ஏறிக் குடம் கவிழ்த்தவர். குடும்பம் நிலவுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த உரிமையும் கூடவே வந்தது. எழுபது வயதிலும் அரியநாயகம் யார் கையையும் பிடிக்காமல்தான் ஏணியில் ஏறுவார். ரசிகர் சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

அவருடைய பக்திக்குக் காரணம் இருந்தது. மற்ற நடிகர்கள் எல்லாம் ஆக்கநிழல்கள். கணிப்பொறி வரைந்து தரும் உருவங்கள். அவர்களுக்கு வலிக்காது, வியர்க்காது. அக்னிமாறன் ஒருவர்தான் சதையும் எலும்புமாக நடிப்பவர். அவர் நடித்த எஃகுச்சிறகன் வரிசையின் இரண்டாவது படத்தில், சிறகு ஒடிந்த நாயகன் வெள்ளத்தில் சிக்கிய பேருந்தைத் தோளில் தாங்கி நிற்பான். அந்தக் காட்சியில் அவருடைய முழங்கை உண்மையிலேயே பிசகிவிட்டது. முகம் ஒரு கணம் கோணும்; உடனே வசனத்தைத் தொடர்வார். அந்த ஒரு கணத்தை அரியநாயகம் நூறு தடவை பார்த்திருப்பார். ஆண்மகன் என்றால் அப்படி நிற்க வேண்டும் என்று தம் மகனுக்கும் சொல்லி வளர்த்தார்.

அந்த அக்னிமாறன்மீதுதான் இப்போது சந்தேகம் கிளம்பியிருந்தது. அறுபத்துநான்கு வயது மனிதர் போன ஆண்டு வந்த ஒன்பதாவது படத்தில் கோபுரத்திலிருந்து குதிக்கிறார். கழுத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எதிர்ச் சங்கத்தின் தலைவர் பிச்சுமணி, அது ஆளே இல்லை, இயந்திரம் என்று பொதுச்சபையில் பேசிவிட்டார். அரியநாயகம் எழுந்து நின்றார். பத்தாவது படத்துக்காக அக்னிமாறன் தென்குழிக்கே வரப்போகிறார், அவரை மூச்சுவாயில் வழியாக நடத்திக் காட்டுகிறேன் என்றார். இயந்திரம் என்று தெரிந்தால் முதல் குடத்தை விட்டுக்கொடுப்பதோடு தம் மீசையையும் எடுத்துவிடுவதாகச் சொன்னார். மனிதர் என்று தெரிந்தால் பிச்சுமணி தம் மீசையை எடுக்க வேண்டும்.

மூச்சுவாயில் என்பது பெருங்கூடத்தின் நுழைவில் உள்ள வளைவு. உள்ளே போகிறவரின் மூச்சை உணர்ந்து ஓர் எண்ணைக் கூட்டும். அத்தனை பேருக்குப் போதுமான உயிர்வளியைக் கூடத்துக்குள் செலுத்தும். இயந்திரங்களை அது கண்டுகொள்ளாது. அரியநாயகம் அதன் மேற்பார்வையாளராக இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர் பொய் சொல்வார்கள், வாயில் சொல்லாது என்பது அவருடைய கொள்கை. திருவிழா நாள்களில் மட்டும் கூட்டத்துக்காகப் பக்கத்துச் சரக்குக் கதவுகளைத் திறந்துவிட்டு, உயிர்வளியை முழு அளவில் வைப்பது வழக்கம்.

அவர் படநிறுவனத்துக்கு எழுதினார். பாதுகாப்பு காரணமாக நடிகர் விருந்தினருக்கான தனிவழியாகவே வருவார் என்று பதில் வந்தது. அரியநாயகத்துக்குமே லேசாகச் சந்தேகம் தட்டியது.

வீட்டுக்குள்ளும் அவர் கண்ணில் சில விஷயங்கள் பட்டன. சங்கத்தின் செயலாளர் அவருடைய மருமகள் தமயந்திதான். வரவேற்புக்கு ஆறாயிரம் பேரைத் திரட்டுவது அவள் பொறுப்பு. மூச்சுவாயில் பேச்சு தொடங்கியதிலிருந்து அவள் அடிக்கடி தாழ்ந்த குரலில் யாருடனோ பேசினாள். அவரைக் கண்டதும் தொடர்பைத் துண்டித்தாள். நிறுவனம் இவளை வளைத்துவிட்டதோ என்று அரியநாயகம் நினைத்தார். அன்றிலிருந்து அவள் போட்ட காபியை அவர் தொடவில்லை. தாமே போட்டுக்கொண்டார், அது மிக மோசமாக இருந்தது.

மூன்றாம் நாள் அக்னிமாறனிடமிருந்தே கடிதம் வந்தது. மூச்சுவாயில் வழியாக வர அவருக்குச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை: தம்மை வரவேற்க வருகிற ரசிகர்கள் அத்தனை பேரும் தமக்குப் பின்னால் அதே வாயில் வழியாக வர வேண்டும். அரியநாயகம் கடிதத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். தமயந்தியின் முகம் வெளுத்தது.

"மாமா, இது வேண்டாம். பழையபடி சரக்குக் கதவையே திறந்து விட்டுருவோம்."

"ஏன், அந்த வாசல்ல முள்ளா மொளச்சிருக்கு?"

"உங்களுக்குத்தான் மனசு கஷ்டப்படும். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

"அவரு மெஷினுன்னு ஒனக்குத் தெரியும். அதானே?"

"அவரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா" என்றாள் அவள். அது உண்மைபோலவும் இருந்தது, முழு உண்மை இல்லாததுபோலவும் இருந்தது. அரியநாயகம், சுரங்கத்தில் வேலை பார்க்கும் மகன் குமரவேலைத் தொடர்பில் கூப்பிட்டு, உன் பெண்டாட்டி எதையோ மறைக்கிறாள் என்றார். நீங்க நினைக்கிற மாதிரி எதுவும் இருக்காதுப்பா, விழாவுக்கு நான் கட்டாயம் வந்துவிடுவேன் என்றான் அவன்.

விழா நாளில் ஆறாயிரம் பேர் வாயிலுக்கு வெளியே திரண்டிருந்தார்கள். விசில் காதைப் பிளந்தது. வாயிலின் எண்பலகையில் சுழியம் நின்றது. அக்னிமாறன் வந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். நடையில் லேசான சாய்வு. கழுத்தில் வேண்டிய அளவு சுருக்கம் இருந்தது. திரையில் அதை அழித்துவிடுவார்கள் போலும். அவர் வளைவைக் கடந்தார். பலகையில் ஒன்று விழுந்தது.

அரியநாயகம் மீசையைத் தடவிக்கொண்டார். தலைவர் என்ற முறையில் அடுத்ததாக நடந்தார். இரண்டு. பின்னால் வந்த தமயந்தி தலை நிமிரவில்லை. மூன்று.

பிறகு கூட்டம் நுழைந்தது. கொடி பிடித்தவர்கள், மேளம் அடித்தவர்கள், தோளில் துண்டைச் சுழற்றியவர்கள். நூறு பேர் போனார்கள், ஆயிரம் பேர் போனார்கள். பலகையில் மூன்றே நின்றது. வாயில் கெட்டுவிட்டதோ என்று அரியநாயகம் ஓடிப்போய்ப் பின்பக்கத் தகட்டைத் திறந்து பார்த்தார். எதுவும் கெடவில்லை.

தென்குழியில் மாற்றாள் இல்லாத வீடு அரிது. உரிமையாளரின் முகமும் குரலும் கொண்ட அந்த இயந்திரங்கள் பால் வரிசையில் நிற்கும், துக்கம் விசாரிக்கப் போகும். மணிக்கட்டில் நீலப்பட்டை இருக்கும். கையுறை போட்டால் அதுவும் தெரியாது. விசிலடிக்கவும் அவற்றை அனுப்புவார்கள் என்று அரியநாயகம் கனவிலும் எண்ணியதில்லை.

பிச்சுமணி வளைவைக் கடந்தார். மூன்று. அவர் நேராக அரியநாயகத்திடம் வந்து பணிவாகக் கைகூப்பினார். "தோல்வியை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. மீசையை எடுப்பது பற்றி உரிமையாளருக்குத் தெரிவித்துவிடுகிறேன்."

அவருக்குப் பின்னால், முகமெல்லாம் மகிழ்ச்சியாக, துண்டைச் சுழற்றிக்கொண்டு குமரவேல் வந்தான். அரியநாயகம் பலகையைப் பார்க்காமல் இருக்க முயன்றார். முடியவில்லை. மூன்று.

"சுரங்கத்துல குடுத்த மாற்றாள் மாமா" என்றாள் தமயந்தி மெதுவாக. "ரெண்டு வருஷமா அவரு அதைத்தான் அனுப்புறாரு. இந்தத் தடவ நேர்ல வாங்கன்னு தெனமும் அவருகிட்ட கெஞ்சிப் பார்த்தேன். உங்க கௌரவம் போயிருமேன்னுதான் நான் வாயத் தொறக்கல."

அரியநாயகத்தின் முதுகு வளையவில்லை. கூடத்துக்குள் ஆறாயிரம் குரல்கள் ஒரே தாளத்தில் வாழ்த்திக்கொண்டிருந்தன. அக்னிமாறன் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. அரியநாயகத்தின் அருகில் வந்து தோளில் கைவைத்தார்.

"போற எடமெல்லாம் விசிலடிக்கிறது ஆளுங்கதானான்னு எனக்குச் சந்தேகம்தான், ஐயா. கம்பெனிக்காரங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. எண்ணிப் பார்க்கணும்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும். ஒன்பதாவது படத்துக்கு ரொம்ப உழைச்சேன். அதோட கடைசிக் காட்சி உங்களுக்கு எப்படிப் பட்டுச்சு?"

மூன்றாவது படம் வெளியான சமயத்தில்தான் அரியநாயகம் சங்கத் தலைவரானார். அதன் பிறகு முதல் காட்சி என்றாலே அவருக்கு வெளியில் வேலை: ஏணி, குடம், மாலை, யார் முன்னால் நிற்பது என்ற தகராறு. எல்லாம் முடிந்து அவர் வியர்வையைத் துடைத்துக்கொள்ளும்போது உள்ளே விளக்குப் போட்டிருப்பார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தார். ஒன்பதாவது படம் வரை அந்த நாளை வரவே இல்லை.

அக்னிமாறன் காத்திருந்தார்.

"பிரமாதம்" என்றார் அரியநாயகம், நிமிர்ந்து நின்று. "அந்தக் காட்சி மட்டுமா? எல்லாமே பிரமாதம்."

அக்னிமாறன் தலையசைத்தார். இதே பதிலை, இதே சொற்களில், அவர் எல்லா ஊர்களிலும் கேட்டிருந்தார். மூச்சு விடும் ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.