தொப்புளை மூடாத பிள்ளை

அன்றைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே ஓணானின் கழுத்து சிவந்துவிட்டது. சொர்ணத்தாய்க்கு அது பிடிக்கவில்லை. இடுப்பில் கட்டிய நூலோடு ஓணான் சன்னல் கம்பியில் முன்காலை ஊன்றி நிமிர்ந்து, பிள்ளை கிடந்த தூளியையே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

பிடித்து வந்தவன் அவள் புருஷன் தங்கப்பாண்டியன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. எட்டயபுரம் ரோட்டு உடைமரத்தில் பட்டை நிறத்தில் ஒட்டிக் கிடந்ததாம். ஆள் இந்தப் பக்கம் வந்தால் அது மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுமாம். விடுவானா, ஈர்க்கில் சுருக்குப் போட்டு இழுத்துவிட்டான். பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டவாம். ஆறு மாசப் பிள்ளைக்கு என்ன விளையாட்டு வேண்டிக் கிடக்கிறது? பீடிப் புகையை அதன் வாயில் ஊதி, அது கிறுகிறுத்துச் சுற்றுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன் அவன்தான்.

ஓணான் சிவந்து தலையாட்டினால், தூரத்தில் இருந்தபடியே தொப்புள் வழியாக நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தெருவில் ஆடுகிற பொடிசுகள்கூட அதைக் கண்டால் வயிற்றைக் கையால் பொத்திக்கொள்ளும். பால்குடிப் பிள்ளைக்குப் பொத்தத் தெரியுமா? இவள் அதன் வயிற்றில் துணி சுற்றிவிட்டாள். கரிசக்காட்டு வெக்கையில் பிள்ளை உதைத்து உதைத்து அவிழ்த்துவிட்டது. நாளுக்கு நாள் உதடு வெளுத்தது. நகம் வெளுத்தது. நேற்றிலிருந்து பாலும் குடிக்கவில்லை.

“இதக் கொண்டுபோய் விட்டுருங்க. பிள்ள வெளுத்துக்கிட்டே வருது,” என்று காலையில்கூடக் கெஞ்சினாள்.

“ஏட்டி, சும்மா கெட,” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான், பாவி.

உச்சிப்பொழுது. ஓட்டுச் சூடு உள்ளே இறங்கி, பருத்திமார் எரித்த அடுப்புச் சாம்பல் வாடையும் பிள்ளையின் புளித்த பால் வாடையும் கலந்து மூச்சை அடைக்க, தெருவில் காக்காய்ச் சத்தம்கூட இல்லாமல், தூளிக் கயிறு மட்டும் கிரீச் கிரீச்சென்று கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் மெல்ல ஓய்ந்துபோனது. எட்டிப் பார்த்தாள். பிள்ளை கண் சொருகிக் கிடந்தது. வயிற்றுத் துணி அவிழ்ந்திருந்தது. சன்னலில் ஓணானின் தலையெல்லாம் ரத்தச் சிவப்பு. ஆட்டம் நிற்கவில்லை.

அவள் பிள்ளையின் ரத்தம் அத்தனையும் அதற்குள்தானே இருக்கிறது. எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நூலோடு பிடுங்கினாள். அருவாமனையில் வைத்தாள். வயிற்றைக் கீறினாள்.

ஒரு சாண் ஓணான்தான். ரத்தம் கொட்டியது. பால் புகட்டுகிற சங்கு நிறைந்தது. கிண்ணம் நிறைந்தது. சூடாக இருந்தது.

பிள்ளையை மடியில் போட்டுப் புகட்டினாள். குடித்தது. மடக் மடக்கென்று. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. உதடு சிவந்தது. கண் திறந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

கிண்ணம் காலியானது. பிள்ளை வீரிட்டது. மாரைக் கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தவழத் தெரியாத பிள்ளை. மடியில் புரண்டது. கீழே இறங்கியது. அவள் வயிற்றுச் சேலையை விலக்கியது.

பயத்தில் அவள் கை தானாகத் தொப்புளைப் பொத்தியது. பிள்ளை அந்தக் கையைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கி அழுதது. பசி அழுகை.

“குடிச்சுக்கோ ராசா,” என்று அவள் கையை எடுத்தாள்.