அரைமணி நேர அணைப்பு

மகளுக்குத் தலைவாரிவிட, கண்ணாடிச் சுவரில் பதித்திருந்த ரப்பர் கையுறைகளுக்குள் கைகளை முழங்கைவரை நுழைத்தான் திருமாறன். அந்தப் பக்கம் செம்மலர் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். செவ்வாய்க் கிரகத்தின் கொற்கைக் குடியிருப்பில் எல்லா அப்பாக்களும் இப்படித்தான் பின்னல் போட்டார்கள். கோணல்மாணலாகத்தான் வரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் கோணல் என்பதால் யாரும் சிரிப்பதில்லை.

மூன்று தலைமுறையாக வடிகட்டிய காற்றிலேயே வளர்ந்ததன் பலன் இது. தூசி கிடையாது, மகரந்தம் கிடையாது, நாய் பூனை கிடையாது. சும்மா கிடந்த நோயெதிர்ப்புச் சக்திக்கு மல்லுக்கு நிற்க யாராவது வேண்டுமே! கடைசியில் சக மனிதனின் தோல் துகளைப் பிடித்துக்கொண்டது. பெற்ற பிள்ளையைத் தொட்டாலும் உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு இழுக்கும். செம்மலர் செயற்கைக் கருப்பேழையிலிருந்து நேராகத் தன் கண்ணாடி அறைக்குப் போனவள். அவளுக்கு ஐந்து வயதாகியும் அப்பன் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. என்ன கொடுமை இது!

பின்னல் முடிந்ததும் அவள் கண்ணாடியைத் தட்டி உள்ளங்கையை வைத்தாள். இவனும் எதிரே கையை வைத்தான். அங்கே அதுதான் முத்தம்.

இப்போது பழக்கு சிகிச்சை என்று ஒன்று வந்திருந்தது. செம்மலரின் தோல் துகளைக் கரைத்து, துளியூண்டாகத் தொடங்கி மூன்று வருடம் நாக்கடியில் விட்டுக்கொண்டால் உடம்பு அவளுக்குப் பழகிவிடும். சிலருக்கு மட்டும் தொண்டை வீங்கி அடைத்துக்கொள்ளும்.

"அடைச்சு நீங்க போய்ச் சேந்துட்டா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்கூட அவளுக்கு அப்பா இருக்கமாட்டாரு. யோசிச்சுக்கோங்க," என்றாள் மனைவி மாதங்கி, தன் அறையிலிருந்து ஒலிபெருக்கியில்.

"யோசிச்சு யோசிச்சே அஞ்சு வருஷம் போச்சு மாதங்கி."

எதிர்ச்சுவரில் இருந்த நலங்காணியின் திரைமுன் போய் நின்றான். மருந்துப் பெட்டியின் பூட்டு அந்த இயந்திர மருத்துவர் சொன்னால்தான் திறக்கும்.

"சிகிச்சை உங்கள் உடலுக்கு ஏற்றது. ஆனால் உங்களுக்கு ஏற்றதல்ல," என்றது நலங்காணி.

"என்னது?"

"மூன்று ஆண்டுக்குப் பிறகும் பலன் நிலைக்க, தினமும் அரைமணி நேரம் குழந்தையை அணைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் ஒவ்வாமை முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும். அடுத்த அணைப்பில் உயிரே போகலாம்."

"அரைமணியா? நாள் பூரா இறக்கியே விடமாட்டேன்யா!"

பின்னால் கண்ணாடி தட்டும் சத்தம் கேட்டது. "இரு கண்ணு, அப்பா பேசிட்டிருக்கேன்ல," என்றான், திரும்பாமல்.

"ஒவ்வாமையே இல்லாத காலத்துப் பூமி வீடுகளின் கேமராப் பதிவுகளை ஆராய்ந்தேன்," என்றது நலங்காணி. "குழந்தை அப்பா உட்கார்ந்த அதே சோபாவில்தான் இருந்தது. அவர் அதை அணைத்தது நாளுக்குச் சராசரியாக நான்கு நிமிடம். மற்ற நேரம் அவர் கையில் ஒரு சின்னத் திரை இருந்தது. மனிதர்களால் அரைமணி முடியாது."

"அவங்க வேற, நான் வேற!" எவனோ சோபாவில் உட்கார்ந்து செய்த பாவம் தன் தலையில் வந்து விடிகிறதே என்று திருமாறனுக்கு வயிறெரிந்தது. கத்தினான், கெஞ்சினான், கணக்கே தப்பு என்று வாதாடினான். சத்தியம் செய்தான். தட்டும் சத்தம் மறுபடி கேட்டது. "இரும்மா!"

அவன் ஓய்ந்ததும் நலங்காணி சொன்னது: "அரைமணி நேரமாக என்னிடம் பேசுகிறீர்கள். அவ்வளவு நேரமும் உங்கள் மகள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்."

திரும்பினான். கண்ணாடியில் சின்ன உள்ளங்கையின் ஈரத்தடம் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் செம்மலர் கோணல் பின்னலோடு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பாடத்திரை.

ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, உள்ளங்கையை வைத்தான்.

"இருங்கப்பா," என்றாள் அவள், திரும்பாமல்.