மூலைக் கட்டிலின் தாகம்

வெள்ளம் வடிந்த கையோடு காலரா வந்து ஊரைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை. பின்பக்கம் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த பழைய வார்டைத் திறந்து, ஒரு நர்ஸை அதற்குப் பொறுப்பாக அனுப்பினார்கள். அவள் உள்ளே நுழைந்தபோது பட்டப்பகலிலேயே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. வெளியே விடாத மழை. உள்ளே பிளீச்சிங் பவுடர் நெடி. அதற்கடியில் மீன் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு கவிச்சி.

வரிசையாகக் கான்வாஸ் கட்டில்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வாளி. வாளியில் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவையும் வாய் வழியாகவோ நரம்பு வழியாகவோ திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். வைத்தியத்தில் முக்கால்வாசி இதுதான்.

சாயங்காலத்துக்குள் அவளுடைய தம்பியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அவன் குழாய் ரிப்பேர்காரன். சாக்கடை கலந்த பள்ளத்தில் முழங்கை வரை கையை விட்டு, உடைந்த குடிநீர்க் குழாயை ஒட்டியிருக்கிறான். அதே கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பன் தின்றிருக்கிறான்.

"அறிவிருக்காடா உனக்கு? ஊருக்கெல்லாம் தண்ணி விடுறவனுக்குக் கை கழுவத் தண்ணி கிடைக்கலையா?"

"திட்டாதக்கா..." என்றான். குரல் நூலாக வந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது; உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது.

அப்பா அம்மா போனபிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவனை விட்டால் அவளுக்கென்று இந்த உலகத்தில் ஒரு நாதியும் கிடையாது.

பொல்லாத கிருமி அது. சதையைக் கடிக்காது, காய்ச்சல்கூட அவ்வளவாகக் காட்டாது. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு துளி விஷத்தைக் கக்கும், அவ்வளவுதான். உடனே குடலிலுள்ள அத்தனை மடைகளும் திறந்துகொண்டு, உப்பும் உப்போடு சேர்ந்து உடம்புத் தண்ணீரும் அரிசி களைந்த நீராகக் கொட்டும். ரத்தம் கெட்டிப்படும், கால் சுண்டி இழுக்கும், நாடி தொலைந்துபோகும். காலையில் நடந்து வந்த ஆள் மாலையில் இருக்க மாட்டான். உப்போடு சர்க்கரையையும் கரைத்துக் கொடுத்தால் மட்டும், சர்க்கரை உப்பைக் கைபிடித்து உள்ளே இழுக்கும். பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும்.

சலைன் ஏற்றினாள், கரைசலைப் புகட்டினாள். விடிந்தபோது தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் மறுபடி கொட்டத் தொடங்கியது. அவனுக்கு மட்டுமில்லை, தேறிய அத்தனை பேருக்கும். கூடத் துணைக்கு இருந்தவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படியொரு கூத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

குடிதண்ணீர் டிரம் பக்கம் ஓடினாள். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். நீளப் பிடி போட்ட கரண்டியால்தான் மொள்ள வேண்டும், எவனாவது கையை விட்டால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

மூடி தரையில் கிடந்தது. அதன்மேல் ஈர விரல் தடங்கள்.

"யாருய்யா இதத் திறந்தது?"

வார்டு பாய்க்கு வெங்கலம் என்று பட்டப்பெயர். அவன் தும்மினால் கேட் வாட்ச்மேன் எழுந்து நிற்பான். அந்த ஆள் இப்போது அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கிசுகிசுத்தான்.

"நான் திறக்கல சிஸ்டர். மூடி வச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள திறந்துடுது. அந்த மூலைக் கட்டில் ஏன் காலியா இருக்குன்னு யோசிச்சீங்களா? யாரைப் படுக்கவச்சாலும் எந்திரிச்சு வந்துடுறாங்க. பக்கத்துல ஏற்கெனவே ஒருத்தி படுத்திருக்காளாம், இடம் பத்தலையாம்."

"உளறாதய்யா."

"அந்தக் காலத்துல இதுவும் காலரா வார்டுதான். தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு நினைச்சுக் குடுக்காமலே விட்டுடுவாங்களாம். தண்ணி, தண்ணின்னு அலறியே ஒருத்தி அந்த மூலையில செத்தாளாம்."

போய் வேலையைப் பார் என்று அவனை விரட்டினாள். புது டிரம்மில் புதுத் தண்ணீர் ஊற்றி, மூடி, எதிரில் ஸ்டூல் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மழை நின்றது. வார்டில் முனகல்கூட அடங்கியது.

மூடி நகர்ந்தது.

தண்ணீர் நடுவில் குழிந்தது, யாரோ கையை விட்டு அள்ளுவது போல. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. கவிச்சி குப்பென்று முகத்தில் அடித்தது.

டிரம்மின் விளிம்பில் விரல்கள் பதிந்தன. நாளெல்லாம் துணி துவைத்தவளின் விரல்கள் போலச் சுருங்கிய தடங்கள்.

ஓடிவிடலாம். ஆனால் ஓடினால் தம்பி? அந்தக் கை பட்ட தண்ணீரைத்தானே அவன் குடிக்கிறான்! பயத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது அவளுக்கு.

உப்பும் சர்க்கரையும் கரைத்த கரைசல் ஒரு டம்ளர். ஒரு ஸ்பூன். நேராக மூலைக் கட்டிலுக்குப் போய் நின்றாள்.

"இங்க பாரும்மா. தாகம்னா என்கிட்டக் கேளு. அங்க கை வைக்கிற வேலை வச்சுக்காத. வா, வந்து படு."

வெறும் கான்வாஸ் மெல்லத் தொய்ந்தது.

அவள் ஸ்பூனை நீட்டினாள். ஸ்பூன் காலியானது. இன்னொன்று. அதுவும் காலி. டம்ளர் தீர்ந்தது. இன்னொரு டம்ளர் கரைத்தாள்.

கட்டிலுக்குக் கீழே, வெறும் வாளியில், சொட்டென்று ஒரு சத்தம்.

குனிந்து பார்த்தாள். அரிசி களைந்த நீர்.

"ஐயோ கடவுளே" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆனாலும் வேலை தெரிந்த கை நிற்கவில்லை. வாளியில் பிளீச்சிங் பவுடர் போட்டு வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள், சோப்பு போட்டுக் கை கழுவினாள், திரும்பி வந்து போனதற்கு ஈடாக மறுபடி புகட்டினாள். வெங்கலம் வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டான்.

அதற்குப் பிறகு டிரம் மூடி அசையவில்லை. நோயாளிகள் ஒவ்வொருவராகத் தேறினார்கள், வீட்டுக்குப் போனார்கள். மூலைக் கட்டிலின் வாளியிலும் விழுவது குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. கடைசியில் தம்பி மட்டும்தான் பாக்கி. அவன் வாளியும் காய்ந்துவிட்டது. நாளைக்கு வார்டைப் பூட்டிவிடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இனி அவனுக்குப் பசி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். காலராக்காரன் வாய் திறந்து சோறு கேட்டால் பிழைத்துவிட்டான் என்று அர்த்தம்.

ஜன்னலோரம் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் நன்றாக அடித்தது.

"பசிக்குதுக்கா."

நூல் போன்ற குரல். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. சிரிப்பும் வந்தது.

"என் ராஜா! என்ன வேணும் சொல்லு, இப்பவே வாங்கிட்டு வரேன்."

திரும்பினாள்.

தம்பி கட்டிலில் விறைத்து உட்கார்ந்திருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"நான் பேசலக்கா..."

மூலைக் கட்டிலில் தொய்ந்திருந்த கான்வாஸ் மெல்ல எழும்பி நேரானது.

காய்ந்த தரையில் ஒரு ஈரக் கால் தடம் விழுந்தது. அப்புறம் இன்னொன்று, தம்பியின் கட்டிலைப் பார்த்து.