வா தாத்தா வா

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து படுத்த பிறகுதான், தன் பல்லில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்ல அந்தப் பேராசிரியைக்கு வாய் கிடைத்தது. அதுவரை டாக்டர் அந்த வாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுக்கொண்டு, கடைவாயில் சொத்தை ஆரம்பித்திருக்கிறது என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளினிக்குக்கு அந்த வாரம் வந்த ஒரே வாய் அது.

"நான் பல்லுக்கு வரல. விமர்சகரைப் பாக்கணும்," என்றார் பேராசிரியை.

டாக்டரின் முகம் தொங்கி, உடனே மலர்ந்தது. கையுறையைக் கழற்றியபடியே முன்னறைக்கு ஓடி, "மாமா, கேஸ்," என்றார்.

நோயாளிகள் காத்திருப்பதற்காகப் போட்ட சோபாவில் அவருடைய தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரப் பத்திரிகையில் பல வருடம் சினிமா விமர்சனம் எழுதியவர். எந்தப் படத்தையும் பாராட்டாததால் விளம்பரம் கொடுப்பவர்கள் கூடிப் பேசி அவர் வேலைக்கு உலை வைத்தார்கள். அதன் பிறகு துப்பறிய வந்துவிட்டார். திரையில் எது பொய் என்று கண்டுபிடித்தவருக்கு மனிதர்களிடம் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மனிதர்கள் சினிமாவைவிடச் சுருக்கமாகப் பொய் சொல்கிறார்கள் என்பதால், அவர்கள்மீது அவருக்குக் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

பேராசிரியை விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரு கல்லூரியில் காட்சி ஊடகத் துறையின் தலைவி. இறுதி ஆண்டு மாணவர்கள் ஆளுக்கொரு பேய்ப்படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்து, அதைத் தாங்களே மதிப்பிட்டுக் கட்டுரையும் எழுதித் தரவேண்டும். இந்த வருடம் இரண்டு பேர் ஒரே படத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் போடும் அட்டை மட்டும்தான் வேறு. ஒருவன் நன்றாகப் பேசுவான். வகுப்பில் அவனுக்கு 'மைக்' என்று பெயர். இன்னொருத்தி வாயே திறக்க மாட்டாள். அவளை 'மியூட்' என்பார்கள். படம் என்னுடையது என்று இருவரும் சாதிக்கிறார்கள். படம் பிடித்த மெமரி கார்டுகள் கல்லூரியுடையவை. இருவரும் எடிட் செய்ததாகச் சொல்வதும் துறையின் ஒரே கம்ப்யூட்டரில்தான். பருவம் முடிந்ததும் வழக்கம்போல எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். மிஞ்சியது முடிந்த படம் மட்டும். விசாரணை முடியும்வரை இருவரும் எடிட்டிங் அறைக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு.

"திருடினது அந்தப் பொண்ணுதான்னு எனக்குத் தெரியும். கிளாஸ்லயே சொல்லிட்டேன். நாளைக்கு அவளைக் கல்லூரியை விட்டு நீக்கணும். வெளியாள் ஒருத்தர் மதிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டா, அவங்க வீட்லேர்ந்து சண்டைக்கு வரமாட்டாங்க."

"ஓஹோ. கண்டுபிடிக்க வேண்டாம், கையெழுத்து போதும்," என்றார் விமர்சகர். "படத்தைப் போடுங்க. எனக்கும் தூக்கம் வரல."

எக்ஸ்ரே பார்க்கும் திரையில் படம் ஓடியது. ஒரு நீளமான தாழ்வாரம். ஒரு விளக்கு கண் சிமிட்டியது. ஒரு பொம்மை தரையில் கிடந்தது. இந்த மூன்றும் இல்லாமல் ஒரு மாணவன் பேய்ப்படம் எடுத்தால் அவனைச் சட்டம் தண்டிக்கும் போலிருக்கிறது. தாழ்வாரத்தின் கோடியில், சக்கர நாற்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தாத்தா. கொஞ்சம் உற்றுப் பார்த்தால், சால்வை போர்த்திய திண்டுத் தலையணை. ஒரு குழந்தையின் குரல் கூப்பிட்டது: "வா தாத்தா வா." தலையணை அசையவில்லை. மறுபடி இருட்டு. இப்போது சுவருக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு கனத்த உறுமல்: "இத்திச்..." தொண்டை அடைப்பதுபோல ஒரு விக்கல். பிறகு, "ஆவாத்தாதாவ்." பொம்மை தலையைத் திருப்பியது. படத்தின் பெயர் சொட்டச் சொட்ட ரத்தத்தில் வந்தது.

டாக்டர் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். விமர்சகர் கொட்டாவியை முடித்துவிட்டு, அந்த உறுமலை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்.

அடுத்து இரண்டு மதிப்பீட்டுக் கட்டுரைகளும் வந்தன. மைக்கின் கட்டுரை தலையணை கனத்துக்கு இருந்தது. பொம்மை என்பது இழந்த பால்யம், தாழ்வாரம் என்பது காலம், விளக்கு என்பது நம் கூட்டு மனசாட்சி. உறுமல் அவனே படைத்த ஒரு பேய்மொழி. இத்தி என்பது ஒரு மரம், அதில் குடியிருக்கும் ஆவி தாத்தாவை அழைக்கிறது. 'ஆவி'யும் 'தாத்தா'வும் கலந்து உருவான சொல் அது. தன் சொந்தத் தொண்டையிலிருந்து வந்தது. பேராசிரியை ஓரத்தில் 'அபாரம்' என்று எழுதியிருந்தார்.

மியூட்டின் கட்டுரை ஒரு பக்கம்கூட இல்லை. லைட் போதவில்லை, பொம்மையை நூல் கட்டி இழுத்தது தெரிகிறது, அக்கா குழந்தையின் குரலைத் திருப்பிப் போட்டு மெதுவாக்கினேன், அவ்வளவுதான். குரலைத் திருப்பிப் போட்ட வரியின் மேல் சிவப்பாக ஒரு கோடு.

அந்தக் கோடுதான் ஆதாரம் என்றார் பேராசிரியை. "'வா தாத்தா வா'ங்கறது மாலைமாற்று. முன்னாலேர்ந்து படிச்சாலும் பின்னாலேர்ந்து படிச்சாலும் ஒண்ணுதான். வா, தா, த், தா, வா. எழுதிப் பாருங்க. திருப்பிப் போட்டா மறுபடி 'வா தாத்தா வா'தானே வரும்? இந்த உறுமல் எங்கேர்ந்து வரும்? தான் செய்யாததைச் செஞ்சேன்னு எழுதி மாட்டிக்கிட்டா. போட்டுக் காட்டறேன்னு வேற சொன்னா. எனக்கு இலக்கணம் தெரியும்மா, வேண்டாம்னுட்டேன்."

டாக்டர் ஒரு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றாகவே வந்தது. அவருக்குப் புல்லரித்தது.

பேராசிரியை போனதும் டாக்டர் தன் கொள்கைகளை அவிழ்த்துவிட்டார். முதலாவது, இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளிடம் திருடினார்கள். இரண்டாவது, படத்தை எடுத்ததே பேராசிரியைதான். மூன்றாவது கொள்கையில் தலையணைக்குப் பங்கு இருந்தது.

விமர்சகர் அதையெல்லாம் ஒரு ஈயை விரட்டுவதுபோலக் கையால் தள்ளினார். "டாக்டரே, உனக்கு வாய் பத்தி ஏதாவது தெரியுமா, இல்ல அதுவும் கொள்கைதானா?"

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க."

"வா-ன்னு சொல்லு. மெதுவா. முதல்ல வாய் என்ன பண்ணுது?"

டாக்டர் கண்ணாடி முன் நின்று சொன்னார். மேல்பல் கீழுதட்டைத் தொடுகிறது. அப்புறம் வாய் ஆவென்று திறக்கிறது. அதைக் கேட்டதும் விமர்சகர் சோபாவில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் கண்ணாடி முன்னால் இன்னும் பல முறை "வா, வா" என்று சொல்லிப் பார்த்தார். வெளியே தெருவில் போன ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்.

மறுநாள் எடிட்டிங் அறையில் ஐந்து பேர். ஜன்னல் இல்லாத சின்ன அறை. சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. மைக் எழுந்து நின்று வரவேற்றான். இப்படி ஒரு மூத்த விமர்சகர் தன் படத்தைப் பார்த்ததே பெரிய விருது என்றான். மியூட் மூலையில் நின்றாள். அவள் கண் வீங்கியிருந்தது. நீக்கிவிட்டால் வேறு எங்கும் சேர்க்க மாட்டார்கள், திருடி என்று எழுதிய சான்றிதழோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைப் பேராசிரியை அவளுக்குக் காலையிலேயே விளக்கியிருந்தார்.

விமர்சகர் மைக்கிடம் ரொம்ப நேரம் பேசினார். பையன் பேசப் பேசத் தலையாட்டினார். அவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டு டாக்டர் பார்த்ததில்லை. குழந்தைக் குரல் யாருடையது என்றதற்கு, வீடு மாறிப்போன பக்கத்து வீட்டுக் குழந்தை என்றான். உறுமலுக்கு நடுவில் வரும் விக்கல் என்ன என்றதற்கு, சாவின் கடைசி மூச்சு என்றான். அதற்காகத் தொண்டைப் பயிற்சி செய்தானாம்.

"அப்ப அந்த உறுமல்ல குழந்தை குரல் கொஞ்சம்கூடக் கலக்கல."

"ஒரு துளிகூட இல்ல சார். முழுக்க நான்."

"இந்தப் பொண்ணு, குழந்தை குரலைத் திருப்பிப் போட்டேன்னு எழுதியிருக்கே."

மைக் பேராசிரியையைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தான். "மேடமே சொல்லிட்டாங்க சார். அது மாலைமாற்று. திருப்பிப் போட்டாலும் அதேதான் வரும். எடிட்டிங்ல உக்காந்தவனுக்குத் தெரியும்."

"ஆமா. உக்காந்தவனுக்குத்தான் தெரியும்," என்றார் விமர்சகர். பிறகு மூலையைப் பார்த்து, "அம்மா, இங்க வா. அந்த உறுமலை மட்டும் வெட்டி எடு. நீ என்ன பண்ணியோ, அதுக்கு நேர்மாறாப் பண்ணு," என்றார்.

பேராசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். அவள் விரல்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் எது எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. திருப்பினாள். வேகத்தைக் கூட்டினாள். தட்டினாள்.

"வா தாத்தா வா," என்றது ஒரு குழந்தை. உடனே களுக்கென்று ஒரு சிரிப்பு. பிறகு, பக்கத்தில் இருந்த யாரையோ கூப்பிட்டது: "சித்தி."

மைக்குக்கே சொல் கிடைக்கவில்லை. அது ஒரு புது அனுபவம் என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"எப்படி? அது மாலைமாற்று," என்றார் பேராசிரியை.

"தாள்ல மாலைமாற்று மேடம்," என்றார் விமர்சகர். "நீங்க திருப்பினது எழுத்தை. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, சத்தம்தான் தெரியும். வா-ங்கறது நமக்கு ஒரே எழுத்து. வாய்க்கு ரெண்டு வேலை. முதல்ல வ், அப்புறம் ஆ. திருப்பினா ஆ முன்னால வரும், வ் பின்னால வரும். வா தாத்தா வா, ஆவாத்தாதாவ் ஆயிடும். சித்தி, இத்திச் ஆயிடும். மெய்யை முந்திக்கிட்டு உயிர் வருது. இந்தப் படத்துல பேய்த்தனமா இருக்கறது அது ஒண்ணுதான். அதுவும் தெரியாம அமைஞ்சது."

டாக்டருக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. முடிந்த படத்தைத் திருடியவன், அதிலிருக்கும் குழந்தைக் குரலையே எடுத்துத் திருப்பி உறுமல் செய்திருக்கலாமே என்றார்.

விமர்சகர் மருமகனைப் பரிதாபமாகப் பார்த்தார். படத்தில் குழந்தை கூப்பிடும் இடத்தில் சிரிப்பும் இல்லை, சித்தியும் இல்லை. பயம் கெட்டுவிடும் என்று வெட்டியிருக்கிறார்கள். வெட்டாத முழுக் குரலை வைத்திருந்த ஆள்தான் இந்த உறுமலைச் செய்ய முடியும். அந்த ஆளுக்கு இது குழந்தையின் குரல் என்று தெரிந்திருக்கும். "நம்ம தம்பியோ அது தன் தொண்டைங்கறார். குழந்தை சித்தின்னு கூப்பிட்டதை மரம்னு நினைச்சு, அதுல ஒரு ஆவியையும் குடி வெச்சிருக்கார். மேடம் அபாரம்னு எழுதியிருக்காங்க."

மைக் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு படைப்பு என்பது உண்மையில் யாருக்குச் சொந்தம் என்று ஆரம்பித்தான். பேராசிரியை அவனை உட்காரச் சொன்னார். அவரிடமிருந்து அவன் அப்படி ஒரு குரலை இதற்குமுன் கேட்டதில்லை. கம்ப்யூட்டரைத் துடைப்பதற்கு முந்தின நாள் படத்தை நகல் எடுத்ததாக ஒப்புக்கொள்ள, வாழ்நாளிலேயே முதல் முறையாக அவனுக்கு ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது.

"நான் கையெழுத்துப் போடணுமே. எங்க?" என்றார் விமர்சகர்.

பேராசிரியை காகிதத்தை நீட்டவில்லை. அதற்குப் பதிலாக, தன் கௌரவத்தை எப்படியாவது தூக்கி நிறுத்தும் முயற்சியாக, படத்தைப் பற்றி விமர்சகரின் அபிப்பிராயத்தைக் கேட்டார்.

"மோசம்," என்றார் விமர்சகர். "தாழ்வாரம் மோசம், விளக்கு மோசம். தாத்தாவா நடிச்ச தலையணை மட்டும் மிகையா நடிக்கல. ஆனா படத்தைவிடக் கட்டுரை மோசம், கட்டுரையைவிட அதைத் திருத்தின விதம் மோசம்." பெண்ணின் பக்கம் திரும்பினார். "உனக்குக் கோபமா?"

"இல்ல சார். மோசம்தான்," என்றாள் அவள். "ஆனா என்னோடது."

பேராசிரியை மென்று விழுங்கி, சிவப்புக் கோட்டை எடுத்துவிடுவதாகவும், மதிப்பெண்ணைச் சரி செய்வதாகவும், நீக்கும் உத்தரவைக் கிழித்துவிடுவதாகவும் சொன்னார். இத்தோடு இதை இந்த அறைக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம், வெளியே தெரிந்தால் துறைக்குத்தான் அசிங்கம் என்றார். மைக் வேகமாகத் தலையாட்டினான்.

மியூட் நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஏற்கெனவே திறந்திருந்த கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். தாழ்வாரத்தின் கோடியில் வகுப்பறையின் சத்தம் கேட்டது.

"திருடின்னு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொன்னீங்க மேடம்," என்றாள். "வாங்க, அதையும் அங்கேயே திருப்பிப் போட்டுடுங்க."