ஈரக்கல்

பாதையோரக் கற்குவியலின் உச்சிக்கல் ஈரமாக இருந்தது. அரிசோனாவின் அந்தப் பக்கம் மழையைப் பார்த்து மாதக்கணக்காகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் ரோவீனாவும் தம்பியும் வந்த வண்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. ரோவீனா கல்லைத் தொட்டுவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

மலையேறி மறுபக்கமாகச் சுற்றிவரும் அந்தப் பாதையைப் பராமரிக்கும் குழுவில் அவளும் ஒருத்தி. வழி காட்டுவதற்கென்று குழு அடுக்கிய குவியல்கள் உண்டு. வேறு யாராவது வேடிக்கைக்கு அடுக்கிவைத்தால், அதை நம்பித் திரும்புகிறவன் வழிதவறித் தண்ணீரில்லாமல் சாவான். கண்டதும் உதைத்துத் தள்ளுவதுதான் குழுவின் வழக்கம். இதையும் உதைத்தாள்.

"விடுக்கா. யாரோ ஆசையா அடுக்குனது, உன்னை என்ன பண்ணுச்சு?" என்றான் தம்பி டெல்பர்ட். வரமாட்டேன் என்றவனை நச்சரித்து இழுத்து வந்திருந்தாள்.

"ஆசையா இருந்தா அவன் வீட்டுல அடுக்கட்டும்."

மலையுச்சியைத் தொட்டு மறுபக்கம் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. வாய் வறண்டுவிடும் என்று அங்கே யாரும் பேசிக்கொண்டு இறங்குவதில்லை. முன்னால் போகிறவர் ஊன்றுகோலால் பாறையில் இரண்டு தட்டுவார். பின்னால் வருகிறவர் பதிலுக்கு இரண்டு தட்டினால், ஆள் நலம். ஒரு பக்கம் பள்ளம். திரும்பிப் பார்க்கத் தோதில்லை. ரோவீனா தட்டினாள். பின்னாலிருந்து டக், டக்.

பொடிக்கற்கள் சரியும் ஓசையும், வெந்த பாறையின் நெடியும், அதற்கு நடுவே அந்த மலைக்கே ஆகாத ஓர் ஈரமண் வாசனையும் அவளோடு கூடவே இறங்கின. மறுபடி தட்டினாள். பதில் வந்தது. ஆனால் சத்தம் மாறியிருந்தது. கோலின் இரும்பு முனை பாறையில் படும் சத்தம் இல்லை அது. கல்லில் கல்.

கோலை மடக்கி வைத்துவிட்டுக் கல்லால் தட்டுகிறான், சோம்பேறி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவன் காலடிக்குக் காது கொடுத்தாள். காலடி இல்லை.

தட்டினாள்.

டக், டக். முதுகுக்குப் பக்கத்தில்.

பாதை அகன்றதும் திரும்பினாள். "டெல்பர்ட்?"

அவள் சற்றுமுன் கால்வைத்த இடத்தில், பாதையை அடைத்துக்கொண்டு, ஓர் ஆள் உயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. எல்லாக் கல்லும் ஈரம். உச்சியில் தம்பியின் தொப்பி.

அவள் கோல் கைநழுவிப் பாறையில் இருமுறை பட்டு விழுந்தது.

குவியலுக்குள்ளிருந்து பதில் வந்தது. டக், டக்.